முதல் மூன்று ஆண்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கருவுற்ற நாள் தொடங்கி மூன்று வயது வரையிலான குழந்தை வளர்ச்சிக்காக உலக நாடுகள் சிலவற்றில் நடைபெற்ற திட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வீடு தேடிச் சென்று தாயோடும் குழந்தையோடும் அமர்ந்து விளையாடிய ஜமைக்கா நாட்டுத் திட்டத்தை அதில் ஒரு பத்தியில் குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தியைப் பற்றியே கேட்கின்றன. ஒரே பொருள் குறித்த கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பால்மாவு பெற்ற குழந்தைகளைவிட விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகளே பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பசித்த பிள்ளைக்கு விளையாட்டு வயிற்றை நிரப்புமா? இதை எப்படி நம்புவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அந்த ஆய்வு நடந்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் முடிவை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பது விளங்கும். 1986, 1987 ஆம் ஆண்டுகளில், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் வீடு வீடாகத் தேடி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் அவருடைய குழுவினரும் இக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். முதல் பிரிவினருக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால் சார்ந்த சத்துமாவு கொடுக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வந்து, ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் விளையாட்டில் ஈடுபடுத்தினார். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவினருக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது.

முடிவில், உணவு பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள், விளையாட்டுப் பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள். இரண்டையும் பெற்றவர்கள், அதே பகுதியில் இயல்பான உயரத்தோடு வளர்ந்த குழந்தைகளை அறிவு வளர்ச்சியில் ஏறக்குறைய எட்டிப் பிடித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் அத்துடன் நிறுத்திவிடாமல், அக்குழந்தைகளைப் பள்ளிப் பருவத்திலும், பதின்ம வயதிலும், அதற்குப் பின்னரும் தேடிச் சென்று பார்த்தார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் காணப்பட்ட முன்னேற்றம் பள்ளி வயதுக்குள் மங்கிவிட்டிருந்தது. விளையாட்டுப் பயிற்சியின் பயனோ நிலைத்து நின்றது. 22 வயதில் 105 பேரைக் கண்டுபிடித்து விசாரித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முடிவு 2014 இல் வெளியாயிற்று. மனச்சோர்வும் வன்முறையில் ஈடுபடுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தன. முப்பது வயதைக் கடந்த பின்னும் வருவாய் வேறுபாடு குறையவில்லை.

129 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. ஒரே நகரத்தில் நடந்த ஓர் ஆய்வை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் ஒரே குழந்தைகளைத் தொடர்ந்து, குடிபெயர்ந்து வெளிநாடு போனவர்களையும் விடாமல் தேடிப் பார்த்த ஆய்வுகள் இத்துறையில் மிக அரிது. மேலும், உணவு தேவையில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உயரம் குன்றிய பிறகு கொடுத்த உணவு மட்டும் போதவில்லை என்றுதான் சொல்கிறது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறுதான். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

கேள்வி: அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் செய்தார்கள்? நாங்களும் வீட்டுப் பார்வைக்குப் போகிறோம். எடை போடுகிறோம், இணை உணவு கொடுக்கிறோம், பதிவேட்டில் எழுதுகிறோம். ஆனால் பயிற்சி வகுப்பில் கேட்டதை வீட்டில் போய் எப்படிச் செய்து காட்டுவது என்று பல நேரம் தெரிவதில்லை.
(அங்கன்வாடிப் பணியாளர், மணப்பாறை)

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. திட்ட அறிக்கைகள் இந்த ஒரு மணி நேரத்தை ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. பயன் விளைவதோ அங்கேதான்.

பணிப்பெண் ஒரு பையோடு வருகிறார். அதில் இருப்பவை கடையில் வாங்கிய பொம்மைகள் அல்ல. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் புட்டியில் சில கூழாங்கற்களைப் போட்டு, மூடியை இனித் திறக்க முடியாதபடி இறுக்கி ஒட்டிய கிலுகிலுப்பை, வெட்டிய புட்டிகளின் அடிப்பகுதிகளைக் கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாகவோ ஒன்றுக்குள் ஒன்றாகவோ அடுக்கும் கிண்ணங்கள், அட்டைப்பெட்டியை வெட்டி வரைந்த படப் புத்தகம், துணிப் பொம்மை, இவைபோன்றவைதான். வந்ததும் பாயில் குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, இந்த வாரம் குழந்தை புதிதாக என்ன செய்தது என்று தாயிடம் கேட்கிறார். சென்ற வாரம் விட்டுச் சென்ற பொம்மையைத் தாயும் குழந்தையும் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கிறார். ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். பிறகு புதிய விளையாட்டு ஒன்றை அவரே ஒரு முறை செய்து காட்டுகிறார்.

அடுத்த படிதான் முக்கியமானது. அவர் ஒதுங்கிக்கொண்டு, பொம்மையைத் தாயின் கையில் கொடுக்கிறார். தாய் கிண்ணத்தைக் குழந்தையிடம் நீட்டுகிறார். குழந்தை அதை அடுக்காமல் தரையில் தட்டுகிறது. பயிற்சி இல்லாத பணியாளர் அந்த இடத்தில் குழந்தையின் கையைப் பிடித்து அடுக்கவைப்பார். நல்ல பணியாளர் பொறுத்திருந்து, ‘அது சத்தம் வருவதைக் கேட்கிறது, நீங்களும் தட்டுங்கள்’ என்று தாயிடம் சொல்வார். குழந்தை தட்டுகிறது, தாய் தட்டுகிறார், குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அடுக்குவது அடுத்த வாரம் வரும். குழந்தை காட்டும் குறிப்பை அறிந்து, அதற்கு உடனே மறுமொழி தரும் வழக்கம் தாய்க்குப் படிந்துவிட்டால், பணிப்பெண் வராத மற்ற ஆறு நாள்களிலும் குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அது நடந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தின் முழுப் பயனும் அந்த ஆறு நாள்களில்தான் கிடைக்கிறது. விடைபெறும்போது தாய் செய்த ஒன்றையாவது பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு, புதிய பொம்மையை விட்டுச் சென்று, பழையதை அடுத்த வீட்டுக்காக எடுத்துச் செல்கிறார்.

உங்கள் வீட்டுப் பார்வையில் எடை போடுவதற்கும் பதிவேட்டுக்கும் நேரம் போய்விடுவதை அறிவேன். பத்து நிமிடம் கிடைத்தாலும், செய்து காட்டிவிட்டுத் தாயின் கையில் கொடுத்துப் பார்க்கும் அந்த ஒரு படியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விலை உயர்ந்த அறிவு வளர்ச்சிப் பொம்மைகளையும் கைப்பேசிச் செயலிகளையும் வாங்கித் தரலாமா? என் பேரனுக்கு ஒரு வயது.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: தேவையில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சமையலறையில் இருக்கும் மூடிகளும் கரண்டியும், அவற்றோடு உட்கார்ந்து பேசும் தாத்தாவும் போதும். வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சத்துணவு நீண்ட காலப் பயன் தராது என்றால், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துமாவு கொடுப்பதெல்லாம் வீண்தானா?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: வீண் அல்ல, எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பயன் பெரிதும் மாறுகிறது. இதற்குக் குவாத்தமாலா நாட்டில் 1969 முதல் 1977 வரை நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். நடு அமெரிக்க நாடுகளின் பொது ஊட்டச்சத்து நிறுவனம் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு கிராமங்களில் ‘அத்தோலே’ என்று அந்நாட்டார் அழைக்கும் கஞ்சியைப் புரதமும் ஆற்றலும் மிகுந்ததாகத் தயாரித்துக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு கிராமங்களில் ‘ஃப்ரெஸ்கோ’ என்ற புரதமில்லாத இனிப்புப் பானம் கொடுக்கப்பட்டது. மருத்துவ வசதி நான்கு கிராமங்களுக்கும் பொதுவாக அளிக்கப்பட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் என யார் வேண்டுமானாலும் மையத்துக்கு வந்து குடிக்கலாம்.

அக்குழந்தைகள் வளர்ந்து, குடும்பம் நடத்தும் வயதை அடைந்த பிறகு அவர்களைத் தேடிச் சென்று பார்த்தார்கள். மூன்று வயதுக்கு முன் கஞ்சி பெற்ற ஆண்களின் மணிக்கூலி, மற்ற கிராமத்தாரைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகமாக இருந்தது. மூன்று வயதுக்குப் பின் பெறத் தொடங்கியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. பெண்களின் வருவாயில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அவர்களுக்குக் கூலி வேலை வாய்ப்பே குறுகியிருந்த ஊர்கள் அவை என்பதைச் சேர்த்துக் கருத வேண்டும்.

ஜமைக்கா ஆய்வும் குவாத்தமாலா ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றினாலும், என் பார்வையில் அவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஜமைக்காவில் உயரம் குன்றிய பிறகு உணவு சென்றது. குவாத்தமாலாவில் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கியது. மூளை வளர்ச்சி காத்திருப்பதில்லை. இரண்டு வயதுக்குள் அது முதிர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆகவே கர்ப்பிணிக்குச் செல்லும் சத்துமாவு எந்த வகையிலும் வீணாகாது, அது வீட்டில் எல்லாருக்கும் பங்கிடப்படாமல் அவருடைய வயிற்றுக்குப் போய்ச் சேருமானால். அந்த ‘ஆனால்’ நம் வீடுகளில் பெரியது.

கேள்வி: இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பன்னாட்டு முயற்சி எதுவும் நடந்ததில்லையா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: நடந்தது, உலகம் முழுவதும் பாடமாகப் படிக்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980 இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்தான் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் அனைவரையும் மாதந்தோறும் எடை போட்டு, அட்டையில் கோடு வரைந்தார்கள். எடை ஏற வேண்டிய அளவுக்கு ஏறாத குழந்தைக்கு மட்டும், ஏறக்குறைய மூன்று மாத காலம் சத்துருண்டை கொடுத்தார்கள். கோடு மேலேறியதும் உணவை நிறுத்திவிட்டு, வீட்டில் எப்படி ஊட்டுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏறாத குழந்தையை மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

அத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறை. அதே ஊரில் வாழும் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழைக் குடும்பத்தவராக இருந்தும் தம் பிள்ளைகளை நலமாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. இல்லாமையிலும் பிள்ளையைத் தேற்றிக் காட்டியவர் சொல்லும்போது, ‘வசதி இருக்கிறவர்களுக்கு என்ன, சொல்லுவார்கள்’ என்று எந்தத் தாயும் தட்டிக்கழிக்க முடியாது. அத்திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. நடுத்தர அளவிலான குறைவு அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் அது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு, அதாவது இன்றைய அங்கன்வாடிகளோடு இணைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு, ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990 இல் வெளியாயிற்று. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரஹ்மத்துல்லா அதற்குத் தலைமை ஏற்றார். வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண் பார்வைக்கான மருந்தாக அதுவரை பலரும் கருதிய ஒன்று உயிரையே காக்கும் என்று உலகை ஏற்கச் செய்த ஆய்வுகளுள் இதற்குச் சிறப்பான இடம் உண்டு. அந்தத் துளிகளை வாரந்தோறும் வாசலுக்குக் கொண்டுசென்று கொடுத்தவர்களும் கிராமத் தொண்டர்களே.

கேள்வி: ஜமைக்காவில் அவ்வளவு நல்ல பலன் கிடைத்ததென்றால், மற்ற நாடுகள் அதை ஏன் பெரிய அளவில் செய்யவில்லை?
(வங்கி ஊழியர், சேலம்)

பதில்: செய்தார்கள். ஆனால் பெரிதாகப் பெரிதாகப் பலன் சிறுத்தது. இதை மறைக்காமல் பேசுவது அவசியம்.

கொலம்பியாவில் 96 நகராட்சிப் பகுதிகளில் 1,420 குழந்தைகளை வைத்து, ஜமைக்கா முறையை ஒன்றரை ஆண்டு நடத்தினார்கள். அரசின் பண உதவி பெறும் குடும்பங்களிலிருந்தே, அக்குடும்பங்கள் தம் தலைவியராகத் தேர்ந்தெடுத்த பெண்களை வருகைக்கு அமர்த்தினார்கள். அறிவு வளர்ச்சியில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. உடன் கொடுத்த நுண்ணூட்டப் பொடியால் மாற்றம் ஏதும் தெரியவில்லை. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றமும் மறைந்திருந்தது. பெரு நாடு 2012 இல் ‘குனா மாஸ்’ என்ற பெயரில் ஏழ்மை மிகுந்த தன் நாட்டுப்புறப் பகுதிகளுக்கு வீட்டு வருகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே பலன் இருந்தது, ஆனால் ஜமைக்காவில் கண்டதைவிட மிகக் குறைவு. பிரேசில் 2016 இல் தொடங்கிய ‘மகிழ்ச்சியான குழந்தை’ திட்டம் உலகின் மிகப் பெரிய வீட்டு வருகைத் திட்டங்களுள் ஒன்று. முப்பது நகராட்சிகளில் அதை முறையாக மதிப்பிட்டபோது, வருகை பெற்ற குழந்தைகளுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடே காண முடியவில்லை.

காரணம் குழந்தைகளிடமோ தாய்மார்களிடமோ இல்லை. கிங்ஸ்டனில் ஒரு சில பணிப்பெண்கள். அவர்களோடு சென்று, பார்த்து, திருத்திச் சொல்லும் மேற்பார்வையாளர். இரண்டு ஆண்டுகளும் வாரம் தவறாத வருகை. நாடு முழுவதும் விரியும்போது ஒரே பணியாளருக்கு வீடுகள் பெருகுகின்றன. வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒன்றிரண்டு ஆகிறது. தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விடுகிறார். தாய் புதிய முகத்தோடு மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. மேற்பார்வையாளரோ படிவங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பவராகிவிடுகிறார்.

கையேட்டையும் பொம்மைகளையும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எளிதாக அனுப்பிவிடலாம். ஒரு பெண்ணுக்குப் பல வாரப் பயிற்சி, தொடர்ந்த வழிகாட்டுதல், குடும்பத்தை நடத்தப் போதுமான சம்பளம், சுமக்கக்கூடிய எண்ணிக்கையில் வீடுகள், இந்த நான்கையும் அப்படி அனுப்ப முடியாது. அவற்றுக்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களின் செலவுப் பட்டியலில் கணினிப் பலகைக்கும் விளம்பரத் தட்டிக்கும் எளிதில் கிடைக்கும் இடம், வீட்டு வாசலில் நிற்கும் பெண்ணின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

கேள்வி: போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழும் குழந்தைகளுக்கு இவ்வாறான உதவி கிடைக்கிறதா?
(வாசகி, மண்டபம்)

பதில்: மிகக் குறைவாகவே. அவசர உதவி என்றால் கூடாரமும் தண்ணீரும் உணவும் மருந்தும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோகிங்கியாக் குழந்தைகளுக்காகப் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் நடத்தும் விளையாட்டு மையங்கள் அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டிய முயற்சிகளுள் ஒன்று. அங்கே குழந்தைகளை நடத்துபவர்களில் அதே முகாமில் வாழும் ரோகிங்கியாப் பெண்கள் உள்ளனர். அம்மக்களின் பாட்டுகளும் கை தட்டிக் கால் எடுத்துவைத்து ஆடும் விளையாட்டுகளும்தான் பாடத்திட்டம். சிரியப் போரால் இடம்பெயர்ந்த குழந்தைகளுக்காக ‘அஹ்லன் சிம்சிம்’ என்ற அரபுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அதனோடு இணைந்த களப்பணியும் நடந்தன. அதன் ஒரு பகுதியாக லெபனானில் ஆசிரியர்கள் தொலைபேசி வழியாகப் பெற்றோரைத் தொடர்புகொண்டு நடத்திய 11 வாரப் பாடம், ஓராண்டு நேரடி முன்பள்ளியில் காணப்படும் முன்னேற்றத்துக்கு ஒப்பான பலனைத் தந்ததாக 2023 இல் வெளியான ஆய்வு கூறியது.

கேள்வி: ஏழை நாட்டுப் பிள்ளைகளை வைத்து வெளிநாட்டார் சோதனை நடத்துகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பிரிவுக்கு உதவி, இன்னொரு பிரிவுக்கு இல்லை என்பது அறமா? நாளை அவர்கள் பணத்தை நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்?
(வழக்கறிஞர், மதுரை)

பதில்: இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். முதல் கேள்விக்கு, தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்ததைச் சொல்கிறேன். இரத்தசோகை மிகுந்த அத்தீவில் குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் நல்லதுதானே என்று யாரும் நினைப்போம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இருந்ததால்தான், மலேரியா கடுமையாகப் பரவியுள்ள அந்த இடத்தில் இரும்புச்சத்துப் பெற்ற குழந்தைகள் கூடுதலாக நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் இறப்பதும் தெரியவந்தது. 2003 இல் ஆய்வில் இரும்புச்சத்து கொடுக்கும் பகுதியை உடனே நிறுத்தினார்கள். 2006 இல் முடிவு வெளியான பின், மலேரியா மிகுந்த பகுதிகளுக்கான பரிந்துரைகள் மாற்றப்பட்டன. சோதித்துப் பார்க்காமல் நல்லெண்ணத்தோடு எல்லாருக்கும் கொடுத்திருந்தால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரிந்திருக்காது. நம் ஊரில் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்தை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.

அதே நேரத்தில், பலன் உறுதியான பிறகும் உதவி பெறாத பிரிவினருக்கு அதைக் கொடுக்காமல் ஆய்வாளர்கள் ஊர் திரும்பிவிடுவது அறமாகாது. அப்படியும் நடந்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைக்கும் தாய்க்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கியதா என்பதை அந்நாட்டு அறநெறிக் குழுக்கள்தாம் கறாராகக் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றி உங்கள் அச்சம் ஏற்கெனவே மெய்யாகிவிட்டது. 2025 இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே கலைத்தது. ஊட்டச்சத்துத் திட்டங்கள் பல பாதியில் நின்றன. 1984 முதல் ஏறத்தாழ தொண்ணூறு நாடுகளில் குழந்தைகளின் உயரம், எடை, தடுப்பூசி, இறப்பு ஆகியவற்றைக் கணக்கெடுத்துவந்த மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கான பணமும் நிறுத்தப்பட்டது. உணவு நின்றால் குழந்தை வாடுவது தெரியும். கணக்கெடுப்பு நின்றால் எத்தனை குழந்தைகள் வாடுகின்றன என்பதே தெரியாமல் போகும். பெருவும் சிலியும் தம் திட்டங்களைத் தம் நாட்டு வரிப் பணத்தில் நடத்துவதன் அருமை இப்போதுதான் பலருக்குப் புரிந்திருக்கிறது. சிலி இன்னும் ஒரு படி மேலே சென்று, 2007 இல் தொடங்கிய தன் குழந்தை நலத் திட்டத்தை 2009 இல் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். வீடு வீடாகப் போக ஆள் இல்லை. வேறு வழி உண்டா?
(ஊராட்சி மன்ற உறுப்பினர், தருமபுரி மாவட்டம்)

பதில்: உண்டு. ஒடிசாவின் 192 கிராமங்களில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில கிராமங்களில் ஜமைக்கா முறைப்படி வீட்டுக்கு வீடு சென்றார்கள். வேறு சில கிராமங்களில் அதே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண், தாய்மார்களையும் குழந்தைகளையும் வாரம் ஒரு முறை சிறு குழுவாக ஓரிடத்தில் கூட்டினார். 2020 இல் வெளியான முடிவின்படி, இரண்டு முறையிலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியது. குழு முறைக்கு ஆன செலவோ வீட்டு வருகைக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

முப்பது குழந்தைகளையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். அது விழாவாக முடியும். வயதை ஒட்டி, சில குழந்தைகள் மட்டும் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் வேலைக்குப் போகாத நேரத்தை அவர்களிடமே கேட்டு வையுங்கள். வர முடியாத வீடுகளில்தான் உதவி மிகுதியாகத் தேவைப்படும் என்பதால், இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளோடு மாதவாரியாகச் செய்யக்கூடிய விளையாட்டுகளை ‘நவசேதனா’ என்ற பெயரில் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024 இல் வெளியிட்டுள்ளது. உங்கள் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். நடத்தும் பெண்ணுக்கு ஊராட்சியிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க முடியுமா என்பதைத் தொடங்கும் முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.